பொருள் எண் 212

டன்பர் மாளிகையை அருங்காட்சியகம் வைக்கச் சொல்லி ஜமீன் வாரிசு நகராட்சிக்கு எழுதிக்கொடுத்த நாளில், சவரிமுத்து திரைச்சீலைக்கு அளவெடுக்க ஏணியில் நின்றுகொண்டிருந்தார். 'கட்டடமும் இன்று அதற்குள் இருக்கும் அனைத்தும்' என்று பத்திரத்தில் இருந்ததால் அவரும் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானார். பதிவேட்டில் பொருள் எண் 212: தையல்காரர், அளவு நாடாவுடன். நிலை: நன்று.

மாளிகை அதற்கு முன்பே பல கை மாறியிருந்தது. கிரேக்கக் கோயில்போல எட்டுத் தூண்களும் முக்கோண முகப்புமாக அதைக் கட்டியவர் அவுரிச் சாய வியாபாரி டன்பர். அவர் நொடித்துப்போனதும் ஜமீன் வாங்கியது. போர்க்காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரி. வழிகாட்டி தினமும் இதையெல்லாம் தூண்களில் ஆரம்பித்து, சவரிமுத்துவிடம் வந்து முடிப்பார். கைக்குழந்தையாக விட்டுவந்த மகள் பிலோமினா ஒருமுறை பள்ளிச் சுற்றுலாவில் வந்தாள். 'தொடாதீர்' பலகைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

இன்று பத்து மணிக்கு அவளுக்கு மாதா கோயிலில் கல்யாணம். அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் பீடத்துக்கு நடப்பேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள். பங்குச்சாமியார் பத்தேகால்வரைதான் பொறுப்பார்.

ஒன்பது மணிக்குக் காப்பாட்சியர் திலகவதி பதிவேட்டோடும் பத்திரத்தோடும் வந்தார். பொருளை இரவல் கொடுக்குமுன் நிலை பார்க்க வேண்டும்.

"முடி கறுப்புன்னு போட்டிருக்கே, சவரி."

"ஜன்னல் பக்கம் வைக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன் மேடம். வெயில்ல வெளுத்துடுச்சு."

"பல்லு ரெண்டு இல்ல."

"டப்பாவுல இருக்கு."

அவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, 'சிறு சேதாரம்' என்று எழுதினார். பெற்றுக்கொள்ள வந்திருந்த மைத்துனர் ஜெபமாலை கையெழுத்துப் போட்டார். "மச்சான் மேல கூட்டத்துல கீறல் விழுந்தா என்னைக் கேக்கக் கூடாது."

திலகவதி பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பேனா நின்றது.

"'கட்டடத்தையும் பொருள்களையும் எக்காலத்திலும் பிரிக்கலாகாது.' அனுப்ப முடியாது, சவரி."

மணி ஒன்பது நாற்பது. இரண்டு தெரு தள்ளிக் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. சவரிமுத்துவின் புதுச்சட்டைக் கழுத்து நனைந்துவிட்டது.

"பிரிக்கக் கூடாதுன்னுதானே இருக்கு மேடம். வெளிய போகக் கூடாதுன்னு இருக்கா?"

அவர் மூன்று முறை படித்தார். "இல்ல."

"அப்ப இன்னொரு படிவம் எடுங்க."

திலகவதி எழுதினார். பொருள்: மாளிகை. நிலை: ஈசான மூலையில் காரை உதிர்வு. ஜெபமாலை அதிலும் கையெழுத்துப் போட்டார். "இதைச் சீக்கிரம் கெளம்பச் சொல்லுங்க. நின்ன எடத்துலயே நின்னு பழக்கம்."

இடக்கோடித் தூண் முதலில் தெருவில் இறங்கியது. மற்றவை பின்தொடர்ந்தன. சந்தைத் தெரு குறுகல் என்பதால் மாளிகை பக்கவாட்டில் திரும்பி, மின்கம்பிகளுக்கு முகப்பைத் தாழ்த்திக் கொடுத்து, சவரிமுத்துவுக்கு ஓரடி பின்னால் நடந்தது. அவர் ஓட முடியாது. ஓடினால் இடைவெளி விழும்.

கோயில் வாசலை அடையும்போது மணி பத்து பதினான்கு. பிலோமினா அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் உள்ளே நடந்தார்கள்.

வாசலில் கிடந்த செருப்புகளுக்குப் பக்கத்தில் தன் படிக்கட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மாளிகையும் பின்னால் போனது.