பரணில் நாற்பத்தொரு பெட்டி

அந்தச் சனிக்கிழமை ஸ்டோரில் இருந்தவர்கள்: சிஞ்ச்வட் ஸ்பிரிங் தொழிற்சாலையின் மேனேஜர் கோர்படே, மகர்பட்டாவிலிருந்து சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய தேஜஸ்வினி, செக்யூரிட்டி ஒருவர், பத்தொன்பது வருடமாக ஸ்டோரைப் பார்த்துவந்த சந்திரமௌலி. பரணிலிருந்து இறக்கிய நாற்பத்தொரு பெட்டிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். விசாரணை அவற்றைப் பற்றித்தான்.

2004 ஏப்ரலில் புதிய சாஃப்ட்வேர் ஓட வேண்டும். அதற்குள் அவரவர் தலையில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று உத்தரவு. ஊழியரின் அறிவே கம்பெனியின் சொத்து என்று நோட்டீஸ் போர்டில் இங்கிலீஷில் ஒட்டியிருந்தார்கள். சந்திரமௌலி படித்துப் பார்த்துவிட்டு அந்தச் சொத்தில் பாதியைத்தான் கொடுத்தார். மீதி பரணில் இருந்தது. ஸ்டோருக்கு வரும் ஸ்பிரிங்குகளில் கொஞ்சத்தைச் சேதாரம் என்று எழுதி மேலே ஏற்றிவிடுவார். மெஷின் படுத்து, கார் கம்பெனிக்குச் சரக்கு போகாது என்று எல்லோரும் கைபிசையும் நாளில் அது கீழே இறங்கும். "மௌலி சாப் ஜாதூகர் ஹை" என்று அவரை மந்திரவாதியாக்கிவிடுவார் கோர்படே. எப்படி என்று கேட்டதில்லை. கேட்காதவரை சந்திரமௌலிக்கு வேலை இருந்தது.

நிக்டியில் இருந்த வீட்டில் அவர் ஒருவர்தான். மனைவி போய் ஆறு வருடம். தமிழ் என்பது ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் அக்காவுடன் போனில் பத்து நிமிடம்.

அந்த வாரம் புதன்கிழமை மத்தியானம் ஸ்டோரில் தேஜஸ்வினி டப்பாவைத் திறந்தாள். புளியோதரை.

"அங்கிள், எடுத்துக்கோங்கோ. அம்மா பண்ணினது. நேக்கு தமிழ் சரியா வராது, சிரிக்கப்படாது."

"வராதுன்னு தமிழ்லதானே சொல்றே!"

அன்று அவர் பேசியது அதற்கு முந்தைய ஒரு வருடப் பேச்சைவிட அதிகம். கல்யாணம், முதல் சம்பளம், ஊர் என்று எல்லாம் தீர்ந்துபோயிற்று. அவள் டப்பாவை மூடத் தொடங்கினாள். அவள் எழுந்துவிடக் கூடாதே என்றுதான் ஏணியைக் காட்டினார்.

"மேல ஏறிப் பாரேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"ஐயோ, சூப்பர் அங்கிள்! இது சிஸ்டம்ல வரணுமே."

முதல் பாதிதான் அவர் காதில் விழுந்தது. இரண்டாவது பாதி ரிப்போர்ட்டில் போயிற்று.

"ஏதாவது விற்றீர்களா மௌலி?" சனிக்கிழமை விசாரணையில் கோர்படே மராட்டியில் கேட்டார்.

"ஒரு ஸ்பிரிங்கூட இல்லை, சாப்."

"நம்புகிறேன். ஆடிட்டர் நம்ப மாட்டான். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம். எது எப்போது வேண்டும் என்று இனி சிஸ்டமே சொல்லும்."

"மெஷின் படுத்துக்கொண்டால்?"

கோர்படே சாவிக்குக் கை நீட்டினார்.

தேஜஸ்வினி அருகில் வந்தாள். "அங்கிள், நான் கம்ப்ளெய்ண்ட் பண்ணலை. டேட்டா கரெக்டா இருக்கணும்னுதான்..."

"நீ சரியாத்தான் பண்ணினே. புளியோதரை நன்னா இருந்ததுன்னு அம்மாகிட்ட சொல்லு."

சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். சரக்கு எண்ணும்போது ஸ்டோரை உள்பக்கமாகப் பூட்டியிருக்க வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். ஏக், தோன், தீன் என்று தேஜஸ்வினி மராட்டியில் பெட்டிகளை எண்ணத் தொடங்கியிருந்தாள். செக்யூரிட்டி கதவைச் சாத்தி, உள்பக்கம் பூட்டைப் போட்டார்.