மந்திரவாதியின் மேலங்கி

என் தங்கை கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவன் ஒரு லிப்ட் மெக்கானிக். நல்ல சம்பளம், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் ஆட்களைக் கூட்டிவைத்து, மேஜையில் பொம்மைகளை நகர்த்தி, பகடை உருட்டிக் கதை விளையாடுவானாம். ஆடிட்டரான என் கணவர் அவன் போட்டோவைப் பார்த்த மாத்திரத்தில் முகம் சுண்டிப்போனார்.

“பொம்மை வச்சு விளையாடுறவன் குடும்பத்தையா பார்ப்பான்? இந்த ஆளுங்க ஒழுங்காக் குளிக்கக்கூட மாட்டாங்க. வேண்டாம்” என்று ஒரே போடாகப் போட்டார்.

அப்பா போனபின் எங்கள் வீட்டில் அவர் பேச்சுதான் கடைசிப் பேச்சு. தங்கை சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். மனசு கேட்காமல், மருந்துக்கடையில் எனக்கு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு, அந்த ஞாயிறு அவன் வீட்டுக்கு நானே கிளம்பினேன். எல்லா ஞாயிறும்போல ஸ்டாக் சரிபார்க்கக் குடோனுக்குப் போவதற்காக இவர் டிபன் கட்டிக்கொண்டிருந்தார்.

மூக்கைப் பொத்திக்கொள்ளக் கைக்குட்டையோடுதான் உள்ளே நுழைந்தேன். தரை பளபளவென்று இருந்தது. மேஜையைச் சுற்றி ஒரு பல் டாக்டர் அம்மா, நரைத்த தலையோடு ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, அப்புறம் அவன். மூவருமே என்னைவிடச் சுத்தமாக இருந்தார்கள். கைக்குட்டையை நைசாகப் பைக்குள் தள்ளினேன்.

காலியாக இருந்த நாற்காலிக்கு முன்னால் கட்டைவிரல் உயரத்தில் ஒரு மந்திரவாதி நின்றான். அவன் மேலங்கியின் அரக்கு நிறத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன். என்ன பெயின்ட் என்று கேட்டேன். மெக்கானிக் ஒரு டப்பாவிலிருந்து நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். உடைந்த மூடியில் நான் சுற்றிய மஞ்சள் டேப் அப்படியே இருந்தது. அதைத் திருடிவிட்டாள் என்றுதான் தங்கையோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

“இது யாரு பொம்மை?”

“எங்க மந்திரவாதி ஐயாவோடது அக்கா. இந்தப் பாட்டிலும் அவர் கொண்டுவந்ததுதான். இங்க வேஷத்தோட பேருதான், சொந்தப் பேரை யாரும் கேக்கிறதில்ல. தங்கமான மனுஷன். போன மாசம் கதையில அவரோட குதிரை செத்துப்போச்சு. தேம்பித் தேம்பி அழுதுட்டார்.”

எங்கள் வீட்டில் அதை எடுத்திருக்கக்கூடிய ஐயா ஒருவர்தான். என் அப்பா செத்த அன்று, கண் கலங்காமல் வாடகை நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்த மனுஷன். பொம்மைக் குதிரைக்கு அழுதாரா? இந்த மெக்கானிக் மாப்பிள்ளையாக வந்தால் தன் குட்டு உடைந்துவிடும் என்றுதானே என் தங்கையைப் பட்டினி போட்டார்!

காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்ததும் டிபன் பையோடு என் கணவர்.

“வாங்க மந்திரவாதி ஐயா” என்றார் தலைமையாசிரியை.

அவர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. குடோன் இன்றைக்குப் பூட்டியிருக்கிறது என்று ஏதோ முணுமுணுத்தார்.

“மாப்பிள்ளையை எனக்குப் பிடிச்சிருக்கு. கல்யாணத்தை முடிவு பண்ணிடலாம்” என்றேன். “இனிமே உங்களைப் பத்தித்தான் நாலு இடத்துல விசாரிக்கணும்.”