இரண்டு பேருக்கும் மாத்திரை

கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். சேலையின் உடலுக்குப் புருஷன் குறுக்கு நூலை ஓட்டும் நாடாவைப் போட்டால், வலப்பக்கத்துக் கரைக்குப் பெண்டாட்டி போடுவாள். ஒருவர் எழுந்தால் இருவர் வேலையும் நின்றுவிடும். தறிச்சத்தம் ஓய்ந்த மறுநொடி அடுப்படியிலிருந்து மாமியார் செல்லியம்மாளின் குரல் வரும்.

"இன்னா தேவகி, மறுபடியும் எழுந்துட்டியா? காலையிலேருந்து இது ஆறாவது வாட்டி!"

ஆறு இல்லை, எட்டு. வைகாசியிலிருந்தே தேவகிக்கு இந்தத் தொல்லை. வெள்ளைப்படுவது எந்தப் பெண்ணுக்கும் உள்ளதுதான். ஆனால் இது மஞ்சளும் பச்சையுமாக, நாற்றத்தோடு வந்தது. அரிப்பு உட்கார விடவில்லை. சிறுநீர் கழித்தால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த புருஷன் பலராமன், அவள் எழும்போதெல்லாம் நூலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தறிக்குழியில உக்காந்துகினே இருந்தா சூடு புடிக்கும்டி. மோரைக் குடி" என்றாள் மாமியார். ஒரு மாதம் மோர் குடித்தாள். ஊரில் எந்த நோய்க்கும் சூடு என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் வைத்தியத்துக்குச் செலவே இல்லை!

பிறகு தேவகி ஒரு காரியம் செய்தாள். நெசவுக்காரி தவிர வேறு யாருக்கும் இது தோன்றாது. சாயம் ஏற்றாத பச்சைப்பட்டில் ஒட்டியிருக்கும் பசை போக, சோப்பும் சலவைச் சோடாவும் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். பட்டின் பசையே போகிறதே, இது போகாதா என்று சோடா கரைத்த தண்ணீரில் கழுவினாள். குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதைதான். அன்று முழுக்கத் துடித்தாள். அப்போதும் நாடா போட்டாள்.

தறியில் ஏற்றிய நெடுக்கு நூலான பாவு தீரும் நாளுக்காகக் காத்திருந்தாள். பழைய பாவு முடிந்து புதியதைப் பிணைக்க ஆள் வரும் ஒரு நாள்தான் தறி ஓயும். அந்த நாள் ஆடி மாதம் வந்தது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பல்வலி என்றாள். "கிராம்பு வெச்சுக்கினா போவாதா? போய்ட்டு ஜல்தி வா" என்றாள் செல்லியம்மாள். வாயில் வரும் நோய்க்கு மட்டும்தான் அந்த வீட்டில் கதவு திறக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பார்த்தார். திட்டுவார் என்று பயந்தாள், திட்டவில்லை. "மூணு மாசமாவா பொறுத்துகினு இருந்தே?" என்று மட்டும் கேட்டார். டயானா என்ற நர்ஸ் இரண்டு பொட்டலம் கொடுத்தாள்.

"இது ஒண்ணாப் படுத்தா ஒட்டிக்கிற தொத்து. மாத்திரைக்கு சரியாப் போயிடும்க்கா. சோடா, டெட்டால் எதுவும் வேணாம், வெறும் தண்ணி போதும். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு வீட்டுக்காரருக்கு."

"அவருக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஆம்பளைக்குப் பல பேருக்கு வெளியே தெரியாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சாப்டணும், முடியிற வரைக்கும் ஒண்ணாப் படுக்கக் கூடாது. இல்லன்னா திரும்பத் திரும்ப வந்துகினே இருக்கும்."

வீடு வரும் வழியெல்லாம் தேவகிக்கு ஒரே யோசனைதான். 'எவன்கிட்டேருந்து வாங்கினே?' என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? குழந்தைகள் மேலே சத்தியம் செய்யலாம். நம்பாவிட்டால்? அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? குற்றம் செய்யாதவளுக்குப் பதில் தேடுவதுதான் எத்தனை கஷ்டம்!

பாவு பிணைத்தவர் சாயங்காலம் கிளம்பினார். பலராமன் புது நூலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பொட்டலத்தை நீட்டி, நர்ஸ் சொன்னதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அவன் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தான். தலை குனிந்தது.

"இந்த மாத்திரைய நான் சித்திரையிலயே சாப்ட்டேன்" என்றான். "எரிச்சலா இருந்துச்சு. வந்தவாசியில ஒரு டாக்டரு குடுத்தாரு."

தேவகிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது தறிமேட்டில் உட்கார்ந்தாள்.

"அவரு எனக்கும் குடுக்கச் சொல்லலியா?"

"சொன்னாரு." புது நூலை நீவியபடி, "எப்டிச் சொல்றது? எங்கேருந்து வந்துச்சுன்னு நீ கேப்பியே" என்றான்.

அவன் கேட்டுவிடுவானோ என்று அவள் பயந்த அதே கேள்வி. அதற்குப் பயந்துதான் அவளை மூன்று மாதம் எரியவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா போட்டிருக்கிறான். ஆத்திரத்தில் கத்தினால் அடுப்படிக்குக் கேட்கும்.

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "கேக்கத்தான் போறேன். மொதல்ல முழுங்குங்க. என் எதிர்ல."

முழுங்கினான். வாயைத் திறந்து காட்டச் சொன்னாள், காட்டினான். பிறகு அவளும் தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். காலை ஆறு மணிக்கு இவன் பக்கத்திலேயே போய் உட்கார வேண்டும் என்பதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.