தங்கைக்கு வந்த படச்சுருள்

இரும்புக்கடை அண்ணன் தானாகப் போன் செய்கிறார் என்றால் அவருக்கு ஏதோ தேவை வந்துவிட்டது என்று அர்த்தம். சும்மா நலம் விசாரிக்கும் வழக்கம் அவருக்கு என்றைக்கும் கிடையாது. அன்றைக்கும் "நல்லா இருக்கியா" என்று ஆரம்பித்தவர், தங்கை வாயைத் திறப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"பாப்பா, அப்பா எடுத்த அந்த பிலிம் பெட்டி உன்கிட்டதானே இருக்கு? தூக்கிப் போட்டுடலையே?"

"இருக்குண்ணே."

"அப்பாடா! இங்க குழாய் உடைஞ்சு பீரோவுக்குள்ள தண்ணி எறங்கிடுச்சு. ஆல்பமெல்லாம் ஒட்டிப்போய் செங்கல் மாதிரி கெடக்கு. பிரிச்சா முகம் முகமா உரிஞ்சு வருது. அம்மா படம்னு ஒண்ணுகூட மிஞ்சல. நீ ஏதோ ஸ்கேனர் வாங்கியிருக்கியாமே, உங்க அண்ணி சொன்னா." கொஞ்சம் தயங்கினார். "கண்ண மூடினா அம்மா படுக்கையில கெடந்த கோலந்தான் வருது பாப்பா. நல்லா இருந்தப்ப முகம் எப்படி இருந்துச்சுன்னு எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது."

"பாக்கறேண்ணே" என்று சொல்லிப் போனை வைத்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிக்காமல் சொன்னால், அம்மா போன பிறகு இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததே இல்லை.

அம்மா அண்ணன் வீட்டில்தான் இறந்தாள். காலையில் உயிர் போனது. பக்கத்து வீட்டுக்குச் சொன்னார்கள், எதிர் வீட்டுக்குச் சொன்னார்கள், கடையில் மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சொன்னார்கள். பெற்ற மகளுக்கு மட்டும் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகுதான் போன் வந்தது. அவள் ஒன்றும் கடல் கடந்து இருக்கவில்லை. பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரும் தூரம். போய் இறங்கியபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அம்மா படுத்திருந்த கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள். "உனக்கு எதுக்கு அலைச்சல்னுதான்..." என்றார் அண்ணன். அலைச்சலாம்! வந்தால் அழுவாள், அழுது முடித்ததும் ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று நாலு பேர் முன்னால் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மகளுக்குத் தாயின் முகத்தைக் காட்டாமலே எல்லாவற்றையும் முடித்தார். இது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் அதை வாய்விட்டுப் பேசியதே இல்லை.

பழைய வீட்டைக் காலி செய்தபோது ஆல்பங்களை அண்ணன் எடுத்துக்கொண்டார். அலமாரிக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைக் காலால் தள்ளி, "இதெல்லாம் கழிச்சுப்போட்ட பிலிமு. குப்பையில போடறதுன்னாலும் சரி, நீ எடுத்துக்கறதுன்னாலும் சரி" என்றார். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். வெளிச்சத்துக்கு நேரே பிலிமைப் பிடித்துப் பார்ப்பதுதான் அவளுக்குப் பிழைப்பே. ஆல்பத்தில் இருக்கும் படங்கள் பிள்ளைகள், அவற்றைப் பெற்ற தாய் பெட்டியில் இருக்கும் பிலிம்தான் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் வாயைத் திறக்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஸ்கேனர் வாங்கிய பிறகு அவளுடைய விடுமுறை நாளெல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான். துண்டு துண்டாக வெட்டிய நெகட்டிவ்கள் காய்ந்த இலை மாதிரி சுருண்டிருந்தன. கனத்த புத்தகங்களுக்கு அடியில் வைத்து நிமிர்த்தினாள். கையுறை போட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து, காற்றூதித் தூசி தட்டி, சட்டத்தில் பொருத்தி, கண்ணாடிமேல் வைத்து மூடியை இறக்கினாள். உள்ளே விளக்கு நகரும். திரையில் முதலில் தலைகீழான உலகம் வரும். கறுப்பு முகம், வெள்ளைக் கூந்தல். ஒரு பொத்தானைத் தட்டினால் வெள்ளைக் கூந்தல் கறுத்து, இருபது வயது அம்மா சிரிப்பாள். முதல் படத்தில் அம்மாவின் கன்னத்தில் தூசி முள் முள்ளாகத் தெரிந்தது. கணவர் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போக, அத்தனையையும் ஒவ்வொன்றாக அழித்தாள். அழித்து முடித்ததும் கன்னத்தைத் திரையோடு வைத்துக்கொண்டு அழுதாள்.

அண்ணன் போன் செய்த மறுநாளிலிருந்து அவள் பெட்டியில் வேறு ஒன்றைத் தேடினாள். அம்மாவுக்கு கேமரா என்றால் கூச்சம். அப்பா கேமராவைத் தூக்கினால் பல சமயம் படக்கென்று திரும்பிக்கொள்வாள். அப்பாவும் விடமாட்டார், திரும்பினாலும் தட்டிவிடுவார். அந்தப் படங்களை ஸ்டுடியோவில் பிரின்ட் போடச் சொன்னதில்லை, ஆனால் பிலிமிலிருந்து வெட்டி எறியவும் இல்லை. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவற்றை மட்டும் பொறுக்கினாள். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மா, கொடியில் துணி உலர்த்தும் அம்மா, ஜன்னல் கம்பியைப் பிடித்து வெளியே பார்க்கும் அம்மா. அட்டைச் சட்டம் போட்ட ஸ்லைடுகளில்கூட, கடலைப் பார்த்தபடி நிற்கும் அம்மா கிடைத்தாள்.

கணவருக்கு இது பொறுக்கவில்லை. "அவரும் பெத்த பிள்ளைதானே. ஒண்ணு குடுத்துடேன்" என்றார்.

"நானும் பெத்த பொண்ணுதான்" என்றாள் அவள். அவர் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். மனிதருக்கு வீட்டில் நிம்மதியாக இருக்கத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனே நேரில் வந்துவிட்டார். அந்த வீட்டு வாசற்படி எந்தப் பக்கம் என்று அவருக்கு ஞாபகம் இருந்ததே அதிசயம். கொண்டுவந்த பழப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, ஸ்கேனருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் ஒரு முகம் நிறைந்திருந்தது. அவர் வருவது தெரிந்தும் அவள் அந்தப் பொத்தானைத் தட்டாமல், கறுப்பு முகமும் வெள்ளைக் கூந்தலுமாகவே வைத்திருந்தாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "யாரு பாப்பா இது? ஏதோ கெழவி மாதிரி இருக்கு. நம்ம சொந்தமா?"

அம்மா இதோ இருக்கிறாள், மகனுக்கு ஒரு முழம் முன்னால். விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. அவர் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் தட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

"அண்ணே, அன்னிக்கு ஏன் எனக்குச் சொல்லல?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?"

"எனக்குத் தெரியணும்."

"உனக்கு அலைச்சல் வேணாம்னுதான். அன்னிக்கே சொன்னேனே. பழச கிண்டிக்கிட்டு இருந்தா குடும்பம்னு ஒண்ணு இருக்குமா? பெரியவன், ஏதோ நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பான்னு நெனச்சுக்கணும்."

தப்புதான் பாப்பா என்று சொல்லியிருந்தால் பெட்டியையே தூக்கிக் கொடுத்திருப்பாள். அவள் திரையில் திறந்திருந்த அந்தப் படத்தை மூடினாள். முகம் போய்விட்டது.

"அம்மா இருக்கற படமா பாத்துப் பென்டிரைவ்ல போட்டுத் தரேண்ணே. நீங்க இதுவரைக்கும் பாக்காத படமா தரேன்."

"என் தங்கச்சி தங்கம்" என்றார் அவர். தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அந்தக் கை பட்ட இடம் அவளுக்கு எரிந்தது.

பொறுக்கி வைத்திருந்ததையெல்லாம் அவள் ஒழுங்காகவே செய்தாள். நிறம் மங்கியதைச் சரிசெய்தாள், தூசியை எடுத்தாள், பின்னலின் ஒவ்வொரு இழையும் தெரியும்படி பெரிய அளவில் ஸ்கேன் செய்தாள். ஒரு படத்திலும் கத்தரி வைக்கவில்லை, ஒரு முகத்தையும் அழிக்கவில்லை. எல்லாம் அப்பா எடுத்தபடியே, அம்மா நின்றபடியே இருந்தன. பென்டிரைவைக் கூரியரில் அனுப்பிவிட்டு வேலைக்குப் போனாள். அன்றைக்கு எக்ஸ்ரே அறையில் அவள் பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டு உடன் வேலை செய்கிறவர்கள் திகைத்துப் போனார்கள்.

போன் சாயங்காலம் வந்தது. பின்னால் கடையில் யாரோ கம்பி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அதட்டி அதை நிறுத்தச் சொன்னார்.

"பாப்பா, எல்லாத்தையும் பாத்துட்டேன்."

"ம்."

"எல்லாத்துலயும் முதுகுதான் தெரியுது."

"அம்மாதானே அது?"

"அம்மாதான். அந்தப் பின்னல் எனக்குத் தெரியாதா? முகம் எங்க பாப்பா? ஒண்ணுலகூடத் திரும்பலையே. முதல்லேருந்து கடைசிவரைக்கும் மூணு தடவ பாத்துட்டேன், இந்தப் படத்துல திரும்புவாங்க, அடுத்ததுல திரும்புவாங்கன்னு..." அவர் குரல் உடைந்தது. கடைப்பையன்களை மிரட்டும் குரல் அது. அது உடைந்து இன்றைக்குத்தான் அவள் கேட்கிறாள். "உன்கிட்ட முகம் இருக்கும். எனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு குடு. உன் கால்ல வேணாலும் விழறேன்."

அவள் திரையைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முதுகையாவது பாத்துட்டீங்களே அண்ணே. எனக்கு நீங்க அதக்கூடக் காட்டலையே."