வெளியே தொங்கிய பாக்கெட்டுகள்

சமையலறை மேசைமேல் பழைய கம்பளியை விரித்து, துப்பாக்கியை அதன்மேல் கிடத்தி, வெர்னா தோட்டாவை அடைக்கிற இரும்புத் தண்டான போல்ட்டை உருவி எடுத்தாள். தோட்டா உட்காரும் குழியில் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். காலி. போல்ட்டைக் கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து முடிச்சுப் போட்டாள். ஸ்டென்சன் வீட்டு ஆண்கள் வேட்டைக்கு விமானம் ஏறுகிற ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மூட்டை கட்டுவது அவள்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் கட்டுவாள். இந்த முறை மட்டும் கை கூசியது. ஏனென்றால் இந்தத் துப்பாக்கி அவளுக்கு வந்திருக்க வேண்டியது.

தம்பி ராஸ் பியர் புட்டியோடு ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றான். டென்வரில் காப்பீடு விற்கிறவன். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தரம் மொன்டானாவுக்கு வந்து, புதுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பண்ணைக்காரன் மாதிரி நடப்பான்.

"தோட்டா ரெண்டு பெட்டிதானா? பத்தாதே."

"தோட்டா பதினோரு பவுண்டுக்கு மேல போனா ஏர்போர்ட் கவுன்டர்லயே எடுத்து வெச்சிருவாங்க. ஆனா நீ சுடுற லட்சணத்துக்கு ஒரு வண்டிதான் வேணும்."

ராஸ் சிரித்தான். "இன்னும் அந்தக் கோவம் போகலையா உனக்கு? துப்பாக்கிதானே வெர்னா. உனக்கு ஒண்ணு புதுசா வாங்கித் தரேன், விடு."

அவள் துப்பாக்கிப் பெட்டிக்கான பூட்டைக் கையில் எடுத்தாள். வாயைத் திறந்தால் அது அவன் மண்டைக்குப் போயிருக்கும்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி. அக்ரூட் மரக்கட்டையில் அவர் கன்னம் பட்டுப் பட்டு ஓர் இடம் வழவழப்பாகி இருக்கும். பன்னிரண்டு வயதில் அதே இடத்தில் கன்னத்தை வைத்துத்தான் வெர்னா முதல் மானைச் சுட்டாள். அன்றைக்கு அப்பா டெல்மர், "எனக்கு அப்புறம் இது உனக்குத்தான்" என்று ரத்தம் காயாத கையால் அவள் தலையைத் தட்டினார். முப்பத்தைந்து வருஷம் அதை நம்பிக்கொண்டு இருந்தாள். பனியில் கன்று இழுத்தது அவள். அப்பாவுக்கு இடுப்பெலும்பை மாற்றியபோது கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனது அவள். போன கிறிஸ்துமஸுக்கு ராஸ் வந்து இரண்டு நாள் இருந்தான். மூன்றாம் நாள் காலை, பான்கேக் தட்டுகளுக்கு நடுவே அப்பா துப்பாக்கியைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தார். "வீட்டுப் பேரு எங்க போகுதோ அங்கதான் இதுவும் போகணும்." வெர்னா கல்யாணம் செய்து, பேரை மாற்றி, முறித்துக்கொண்டு, பழைய பேருக்கே திரும்பி வந்தவள். கையில் தேன்பாகு புட்டியோடு நின்றாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அன்று எரிய ஆரம்பித்த வயிறு இன்னும் அணையவில்லை.

இப்போது அலாஸ்காவுக்கு, மூஸ் என்கிற பெரிய காட்டுமான் வேட்டை. அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. மாற்றின இடுப்பு இன்னொரு வருஷம் மலை ஏறாது என்று அவருக்கே தெரியும். அங்கே அவர்களைக் காட்டுக்குள் கொண்டுபோக மறுநாள் காலை ஏரியில் இறங்கும் சின்ன விமானம் ஒரே ஒரு நடைதான் வரும். தவறவிட்டால் வேட்டை அவ்வளவுதான்.

துப்பாக்கிப் பெட்டியில் இரண்டு பூட்டும் போட்டு, சாவியை ராஸ் கையில் கொடுத்துவிட்டு, அவள் கோட்டுகளை எடுத்தாள். அது அந்த வீட்டுப் பழக்கம். வேட்டைக் கோட்டில் எப்போதும் ஒரு தோட்டா தங்கிவிடும். அது இல்லாத வேட்டைக்காரன் கிடையாது. அதனால் வெர்னா எல்லாப் பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு, நாக்கு மாதிரித் தொங்கவிட்டுக் கொக்கியில் மாட்டுவாள். தொங்கினால் பார்த்தாயிற்று என்று அர்த்தம். வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். உள்ளே திணித்துக்கொண்டு போட்டுக்கொள்வார்கள்.

ராஸின் கோட்டில் இடது பாக்கெட்டின் தையல் விட்டிருந்தது. அந்த ஓட்டை வழியாக உள்துணிக்குள் இறங்கி, அடி மடிப்பில் ஏதோ உருண்டது. விரலால் நெருடினாள். பித்தளை.

கொஞ்ச நேரம் அதைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே நின்றாள். விமான நிலையத்தில் எக்ஸ்ரே பெட்டிக்குள் தட்டு நிற்கும். போலீஸ் வரும். ராஸ் காலுறையோடு நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பான். மேலே விமானம் போகும், அதன் வயிற்றில் தாத்தாவின் துப்பாக்கி போகும், அப்பாவோடு மட்டும். நினைக்கவே தித்தித்தது. நல்லா வேணும் உனக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். தோட்டாவை இருந்த இடத்திலேயே விட்டாள். பாக்கெட்டுகளை வெளியே இழுத்துத் தொங்கவிட்டு, கோட்டை மாட்டினாள்.

பில்லிங்ஸ் விமான நிலையம் சின்னது. சோதனை நடக்கிற இடத்துக்கும் வழியனுப்ப வந்தவர்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பும் ஒரு கயிறும்தான். துப்பாக்கிப் பெட்டிகளைக் கவுன்டரில் காட்டி, துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்று ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டு, அதை உள்ளே வைத்துப் பூட்டி அனுப்பியாயிற்று. அப்பா முதலில் போனார். இடுப்பு இரும்புக்கு மணி அடித்தது. கையைத் தூக்கிக்கொண்டு நின்று தடவிப் பார்க்கவிட்டார். பின்னால் ராஸ் கோட்டைக் கழற்றித் தட்டில் போட்டான்.

தட்டு உள்ளே போனது, நின்றது, பின்வாங்கியது, மறுபடி நின்றது.

காவலுக்கு நின்ற பெண் கோட்டை எடுத்து உதறினாள். கத்தரிக்கோலால் தையலைக் கொஞ்சம் விரித்து, தோட்டாவை இரண்டு விரலால் வெளியே எடுத்தாள். "இது யாரோடது?"

ராஸின் முகம் வெளுத்தது. வெர்னா கண்ணாடியோரம் அதை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். அத்தனை மாதத்து எரிச்சலுக்கும் யாரோ பச்சைத்தண்ணி ஊற்றின மாதிரி இருந்தது.

"எனக்குத் தெரியாது. நான் பேக் பண்ணல." ராஸ் திரும்பி, கையை நீட்டிக் காட்டினான். "அதோ நிக்கிறா பாருங்க, எங்க அக்கா. அவதான் எல்லாப் பாக்கெட்டையும் பாத்தா. அவளைக் கேளுங்க. வேணும்னே வெச்சிருப்பா!"

வரிசையில் நின்ற எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"என்னோடது," என்றார் அப்பா.

பூட்ஸ் இல்லாமல், பெல்ட் இல்லாமல், ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"அவர் கோட்டுக்குள்ள உங்க தோட்டா எப்படி வந்துச்சு சார்?"

"காலையில குளிருதுன்னு அவன் கோட்டை மாட்டிக்கிட்டு மாட்டுக்குத் தீனி போடப் போனேன். கையில இருந்ததைப் பாக்கெட்டுல போட்டேன். ஓட்டைன்னு யாருக்குத் தெரியும்? பொண்ணு பாத்ததுக்கு அப்புறம்தான். அவ மேல ஒண்ணும் இல்ல."

அத்தனையும் பொய். காலையில் மாட்டுக்குத் தீனி போட்டது வெர்னா.

"நீங்க எங்களோட வரணும். விமானத்தைப் பிடிக்க முடியாது."

"தெரியுது." அப்பா மகனைப் பார்த்தார். "நீ போடா. வழிகாட்டி காத்துக்கிட்டிருப்பான். துப்பாக்கியை மழையில போட்டுறாத."

ராஸ் ஒரு நிமிஷம் நின்றான், அவ்வளவுதான். பிறகு கோட்டையும் பூட்ஸையும் அள்ளிக்கொண்டு நடந்தான். கதவுக்கு அப்பால் வளைவு வரும்வரை அவன் முதுகு தெரிந்தது.

அப்பாவை வெளியே விட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அபராதம் தபாலில் வரும் என்றார்கள். அவர் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவரால் குனிய முடியாது. வெர்னா அவர் காலடியில் மண்டி போட்டு, வலது பூட்ஸை மாட்டி, கயிற்றை இழுத்தாள்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

அவர் ஜன்னல் வழியாக ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"அவன் முகத்தை எல்லாரும் பாத்தாங்க. நான் உன் முகத்தைப் பாத்தேன். சிரிச்சுக்கிட்டு நின்ன."

அவள் விரல்கள் நின்றன. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அந்தத் துப்பாக்கி என்னோடது."

"ஆமா," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கிறிஸ்துமஸிலிருந்து கறுவிக்கொண்டிருந்தாள். இப்போது அது வந்து விழுந்ததும், இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும் என்று இன்னும் ஆத்திரமாக வந்தது. கயிற்றை வெடுக்கென்று இறுக்கினாள். அப்பா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

வெளியே விமானம் நகர்ந்தது. அவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் காலுறையுமாக, கண்ணாடி வரைக்கும் நொண்டிப் போனார். மூக்கு கண்ணாடியில் படுமளவுக்கு நின்றார். விமானம் ஓடி, மேலெழும்பி, மேகத்துக்குள் போய், சத்தமும் போன பிறகும் அங்கேயே நின்றார். வெர்னா தரையில் மண்டி போட்டபடி, இடது பூட்ஸின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.