பட்டாளக் கடையில் ஒன்பது பெயர்கள்

அம்மாக்கண்ணு அக்காவின் கையிலிருந்து அந்தக் கார்டை வாங்கிக்கொண்டவள் நான்தான். பழியை வேறு யார் தலையிலாவது வைத்துவிட்டு இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

என் பெயர் டோரீன். அப்பா ராகலைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நாற்பத்தேழில், எனக்குப் பத்தொன்பது வயதானபோது, நுவரெலியாவில் இருந்த பட்டாளக் கடையில் சாமான் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.

பட்டாளக் கடை என்பது சனங்கள் வைத்த பெயர். உலகச் சண்டைக் காலத்தில், நாற்பத்து மூன்று நவம்பரில், ஒரு வெள்ளைக்காரக் கர்னல் அதைத் திறந்துவைத்தார். சிப்பாய்களின் குடும்பங்களுக்கு மட்டுமே உரிய கடை. வெளியில் தேடினாலும் கிடைக்காத பால்மாவும் சவர்க்காரமும் கம்பளியும் அங்கே கிடைக்கும். லாபம் வைக்கக் கூடாது என்பது சட்டம். குடும்பத்துக்கு ஒரு காக்கி நிறக் கார்டு. அதன் பின்பக்கத்தில், 'சிப்பாய் எல்லையில் நிற்கையில் அவன் வீட்டு அடுப்பை இந்தக் கடை பார்த்துக்கொள்ளும்' என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தார்கள். சண்டையில் செத்தவர்களின் மனைவிக்கும் தாய்க்கும் அந்தக் கார்டு ஆயுள் முழுவதும் செல்லும்.

கட்டடம் கர்னலின் காசில் எழும்பியதல்ல. சுற்றியிருந்த தோட்டங்களில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் துரைமார் வந்து நின்று, சண்டை நிதிக்கு ஆளுக்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி, என்று சொன்னார்களாம். மழையில் நனைந்து கொழுந்து எடுத்த ஒரு நாள் வேலை அப்படியே அந்தச் சுவருக்குள் போனது. அப்பா இதை எனக்குச் சொல்லியிருந்தார். அதனால்தான் அந்தக் கடையில் நின்று வேலை செய்ய எனக்குப் பெருமையாக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் அதிகாரிகளின் பெண்களுக்கு முன்வாசல், சிப்பாய் வீட்டுப் பெண்களுக்குப் பின்வாசல் என்று இருந்தது. சுதந்திரம் வந்ததும் பின்வாசலை அடைத்துவிட்டார்கள். இனி எல்லாரும் முன்வாசலால் வரலாம் என்று நானும் நம்பினேன்.

உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஒரு பலகை. சண்டையில் செத்த, எங்கள் பகுதிச் சிப்பாய்கள் ஒன்பது பேரின் பெயர் அதில் தங்க எழுத்தில் இருந்தது. ஆறாவது பெயர் வீரய்யா, அம்மாக்கண்ணு அக்காவின் கணவர். தோட்டத்து மாட்டுப்பட்டியில் வேலை செய்துகொண்டிருந்தவர், ஆள் சேர்க்க வந்தபோது பட்டாளத்துக்குப் போனார். திருகோணமலையில் பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுக்கும் வேலை. நாற்பத்திரண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று செத்தார். மகள் நாகலெட்சுமிக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை.

மாதம் ஒருமுறை, அன்றைய பேரை விட்டுவிட்டு, அக்கா ராகலையிலிருந்து பஸ் ஏறி வருவார். அதிகம் பேசமாட்டார். சாமானைத் துண்டில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுவார்.

ஐம்பத்து மூன்று தொடக்கத்தில் மேலிடத்திலிருந்து ஒரு கட்டளை வந்தது. குடும்பக் கார்டுகளை எல்லாம் புதுப்பிக்க வேண்டும்; பிரஜாவுரிமைப் பத்திரம் காட்டுகிறவர்களுக்கு மட்டும் புதுக் கார்டு. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டப்படி, தோட்டத்துச் சனங்கள் விண்ணப்பம் போட்டுத்தான் அந்தப் பத்திரத்தை வாங்க வேண்டும். எங்கள் மேனேஜர் செபஸ்தியாம்பிள்ளை சார் அதைச் சத்தமாக வாசித்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரும் எங்களைப் போலத் தோட்டத்திலிருந்து வந்தவர்தான். இந்தக் கடைக்கு முன்பும் சேர்த்து, பட்டாள ஸ்டோரில் இருபது வருடம் வேலை செய்தவர். அவருக்கும் என் அப்பாவுக்கும் பத்திரம் கிடைத்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்ததாலும், பழைய கடுதாசிகளைப் பத்திரமாக வைத்திருந்ததாலும் கிடைத்தது. வேறு எந்தத் தகுதியும் எங்களுக்குக் கூடுதலாக இல்லை.

மார்ச் மாதம் அக்கா வந்தார்.

"தங்கச்சி, பால்மா ரெண்டு டின்னு குடு. சவுக்காரம் நாலு. கம்பளி வந்திருச்சா?"

"அக்கா, பிரஜாவுரிமைக் கடுதாசி கொண்டாந்தீங்களா? போன மாசமே சொன்னேனே."

"கொண்டாந்திருக்கேன். கவருமெண்டுல இருந்து வந்திச்சுன்னு தோட்டத்து ஆபீஸ் கண்டாக்கையா குடுத்தாரு." மடியிலிருந்து துணியை அவிழ்த்து ஒரு நீளக் காகிதத்தைக் கொடுத்தார். முகத்தில் ஒரு நிம்மதி. கிடைத்துவிட்டது என்றே நினைத்திருந்தார்.

இங்கிலீஷில் இருந்த அந்தக் காகிதத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நாற்பத்திரண்டுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் இடையில் விண்ணப்பதாரர் பதினாலு மாதம் இந்தியாவில் இருந்திருக்கிறார். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் போனால் தொடர்ந்து வசித்ததாகக் கணக்கில்லை.

சொன்னேன். அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை.

"நான் எங்க தங்கச்சி ஊரு சுத்தப் போனேன்? அவரு செத்ததச் சொல்லத்தான் போனேன். அவரோட அப்பனும் ஆத்தாளும் துறையூருக்குப் பக்கத்துல இருந்தாங்க. கண்ணு தெரியாத கெழவன். பிள்ளையத் தூக்கிட்டு நானே போயி சொன்னேன். திரும்பி வர விட்டாதானே? சண்டைக் காலம், கப்பலுக்குப் பாஸ் இல்லன்னுட்டாங்க. மண்டபம் கேம்புல மாசக்கணக்கா காத்துக் கெடந்தேன்."

செபஸ்தியாம்பிள்ளை சார் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன டோரீன்?"

"சார், இவங்க வீரய்யாவோட சம்சாரம். பலகையில பேர் இருக்கு."

"பத்திரம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப கார்டை வாங்கிக்க. சாமான் குடுக்க வேணாம்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நான் என்ன செய்யட்டும்? கட்டளை" என்றார்.

நான் கையை நீட்டினேன். அக்கா என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். கார்டைக் கவுண்டரில் வைத்தார். பால்மா டின் இரண்டும் அதன் பக்கத்திலேயே இருந்தன. அவற்றை எடுத்துத் திரும்ப ராக்கையில் அடுக்கினேன். அக்கா வெறும் துண்டோடு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தார். ஒரு டின்னை என் கைக்காசில் வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்பது மறுநாள்தான் எனக்குத் தோன்றியது. அவர் வாங்கியிருக்கமாட்டார் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் நான் நீட்டவில்லை.

அந்த வருடம் நவம்பரில் கடைக்குப் பத்தாவது ஆண்டு விழா. கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி வருவார், பத்திரிகையில் படம் வரும் என்றார்கள். செபஸ்தியாம்பிள்ளை சார் என்னைக் கூப்பிட்டார்.

"சண்டையில செத்தவரோட விதவை ஒருத்தர் விளக்கு ஏத்தணும்னு நம்ம கடைக்குப் பொறுப்பான மேஜர் விரும்புறார். மத்தவங்க எல்லாம் தூரத்துல இருக்காங்க. பக்கத்துல அம்மாக்கண்ணுதான். நீ போய்ச் சொல்லு, ஜீப் அனுப்புறாங்க."

"கார்டு இல்லாதவங்கள எப்படி சார் உள்ள விடுறது?"

"அன்னைக்கு ஒரு நாள் விடலாம்."

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சவர்க்காரக் கட்டிக்கு உதவாத பெண், படத்துக்கு மட்டும் வேண்டும். போகமாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. ஆனாலும் போனேன். அக்காவின் லயத்து வீட்டு வாசலில் நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். "வராட்டியும் பரவாயில்லை அக்கா" என்றேன்.

அவர் "வாறேன்" என்றார். "நீ பக்கத்துல இருப்பியா? அவங்க பேசுறதச் சொல்லணும், நான் பேசுறதயும் சொல்லணும்."

"இருப்பேன்."

விழாவில் முன்வரிசை முழுக்கத் தொப்பியும் பட்டுப் புடவையும். மேஜர் இங்கிலீஷில் பேசினார். பிறகு ஒருவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். தமிழில் சொல்ல யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. நான் அக்காவின் காதோரம் குனிந்து சொல்லிக்கொண்டு வந்தேன்.

"வீரய்யா போன்ற வீரர்களை இந்த நாடு மறக்காதாம்."

"எந்த நாடுன்னு கேளு தங்கச்சி."

அதற்குள் விளக்கேற்றக் கூப்பிட்டார்கள். கொழும்பு அம்மா ஒரு பரிசுக் கூடையோடு எழுந்து நின்றார். அதற்குள் பால்மா டின்களும் பிஸ்கட்டும் மடித்த கம்பளி ஒன்றும் இருந்தன. படக்காரர் கேமராவைத் தூக்கினார். விளக்கேற்ற நீட்டிய மெழுகுவர்த்தியை அக்கா வாங்கவில்லை. கூடையையும் வாங்கவில்லை. சபையைப் பார்த்துத் திரும்பிப் பேசினார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லையும் இங்கிலீஷில் சொன்னேன். ஒன்றையும் நான் மழுப்பவில்லை.

"இது எங்க வீட்டுக்காரரோட நாடுன்னு அந்தப் பலகை சொல்லுது. நீ இந்த நாட்டுக்காரி இல்லன்னு எனக்கு வந்த கடுதாசி சொல்லுது. ரெண்டையும் எழுதுனது ஒரே கவருமெண்டு. அவரு செத்த சேதியச் சொல்லப் போனதுக்கு என்னய வெளியாளாக்கிட்டீங்க. இந்தக் கடைக்கு எங்க லயத்து ஆளுங்க ஒரு நாள் பேர் குடுத்திருக்கோம். நான் இனாம் கேக்க வரல. என் கார்டக் குடுங்க. குடுக்க முடியலன்னா அவரு பேர அந்தப் பலகையில வச்சுக்கிட்டு நீங்க எதுக்குப் பெருமை பேசுறீங்க? அதையும் எடுத்துருங்க."

மேஜர் எழுந்து, இந்த விஷயம் கவனிக்கப்படும் என்றார். கொழும்பு அம்மாவே விளக்கை ஏற்றினார். அக்கா ஜீப்பில் ஏற மறுத்து, பஸ்ஸுக்கு நடந்தார். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கார்டு வந்துவிடும் என்று உறுதியாக நம்பினேன். இத்தனை பேர் முன்னால் கேட்ட பிறகு எப்படிக் கொடுக்காமல் இருப்பார்கள்?

மூன்று வாரம் கழித்து இரண்டு பேர் வந்து பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது புது வார்னிஷ் பூசி மினுக்கியிருந்தது. எட்டுப் பெயர். எல்லாவற்றையும் சமமான இடைவெளி விட்டு எழுதியிருந்தார்கள். அங்கே ஒரு பெயர் இருந்தது என்று சொல்ல ஒரு தழும்புகூட இல்லை.

நான் நேரே உள்ளறைக்குப் போனேன். "சார், வீரய்யா பேர் எங்கே?"

"அந்தம்மா கேட்டதுதானே. நீதானே சொன்னே இங்கிலீஷில."

"அவங்க கார்டைத்தான் கேட்டாங்க."

"ரெண்டுல ஒண்ணுன்னு கேட்டாங்க. செய்யக்கூடியத மேஜர் செஞ்சிருக்கார்." அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார். "நீ சின்னப் பொண்ணு. வேலையப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ராகலைக்குப் போனேன். அக்கா விறகு கட்டிக்கொண்டிருந்தார். சொன்னதும் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

"எடுத்துட்டாங்களா?"

"ஆமாக்கா."

"அப்ப அவரு அங்க சாகலையா? சும்மா மாட்டுப்பட்டியில இருந்து எங்கயோ ஓடிப் போயிட்டாரா?" என்று கேட்டார். அவர் அழவில்லை. "நான் கேட்டா எடுத்துருவாங்களா தங்கச்சி? நான் கேட்ட வேற எத அவங்க செஞ்சாங்க?"

இதை எல்லாம் கண்ட பிறகும் நான் வேலையை விடவில்லை. அப்பாவுக்குச் சுகமில்லை, தங்கைகள் படிக்கிறார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. ஆனாலும் ஏழு மாதம் அந்த எட்டுப் பெயருக்கு முன்னால் நின்று சாமான் கொடுத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஜூனில், வலப்பனைப் பக்கமிருந்து பேச்சியம்மா என்ற வயதான பெண் வந்தார். மகன் மூக்கன் காக்கி உடுப்போடு காய்ச்சலில் செத்துப்போனவன். அவர் கார்டு மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. அவரிடமும் பத்திரம் இல்லை. செபஸ்தியாம்பிள்ளை சார் அன்று லீவு. நான் புதுக் கார்டு ஒன்றை எடுத்தேன். பெயரை எழுதினேன். பத்திர இலக்கம் கேட்ட இடத்தில், 'மகன் பட்டாளத்தில் இறந்தான்' என்று எழுதினேன். முத்திரை குத்திக் கையில் கொடுத்தேன்.

இரண்டு மாதம் பேச்சியம்மா பால்மாவும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு போனார். மூன்றாவது மாதம் கண்டுபிடித்தார்கள். யார் எழுதியது என்று மேஜர் கேட்டார். நான்தான் என்றேன். அந்த இடத்தில் எழுதியிருப்பது பொய்யா என்று அவரைக் கேட்டேன். அன்று மத்தியானமே என்னை அனுப்பிவிட்டார்கள். செபஸ்தியாம்பிள்ளை சார் வாசல்வரை கூட வந்தார்.

அந்த வாரமே அக்காவைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொன்னால், ஒரு நல்ல வார்த்தை கேட்கத்தான் போனேன். அவர் கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பாதையோரம் நின்று, நடந்ததை எல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"பேச்சியம்மாவுக்குக் கெடச்சதே, நல்லது" என்றார். பிறகு, "அதே கை எனக்கு ஏன் எழுதல தங்கச்சி? அன்னைக்கும் பேனா உன்கிட்டதானே இருந்திச்சு?" என்று கேட்டார்.

திட்டுவதுபோல் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மேலே மலையிலிருந்து கங்காணி சத்தம் போட்டான். அக்கா கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு ஏறத் தொடங்கினார். நான் கீழே நின்று அவர் தேயிலை நிரைக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.