கதவுக்கு முட்டுக் கொடுத்த குழவி

சுரையா அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து வாசல் கதவுக்கு முட்டாக ஓர் அம்மிக் குழவி கிடந்தது. அம்மி கிடையாது, குழவி மட்டும். அதில் கால் விரலை இடித்துக்கொள்ளாத ஆள் அந்த வீட்டில் இல்லை. தூக்கிப் போட்டுவிடலாம் என்று அவள் வாயெடுத்தபோதெல்லாம் மாமனார், "கெடக்கட்டும்மா" என்பார். அவர் மவுத்தான பிறகு கணவர் குத்புதீனும் அதையே சொன்னார். ஏன் கிடக்கட்டும் என்று கேட்டால் மாமனார் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுவார்; கணவர், "அத்தா சொன்னாரு" என்பார்.

2006ஆம் வருஷம் மழைக்கு முன்னால், மவுத்தானவர்களை அடக்கும் கபர்ஸ்தானின் பழைய பாதியை மண் கொட்டி உயர்த்தப் போவதாகப் பள்ளிவாசலில் அறிவித்தார்கள். இடம் போதவில்லை, நியாயம்தான். தலைமாட்டில் நட்ட மீசான் கல்லைச் சொந்தக்காரர்கள் அடையாளம் காட்டினால் மேலே எடுத்து நட்டுத் தருவார்கள். மற்றதெல்லாம் மண்ணுக்கு அடியில் போய்விடும்.

குத்புதீன் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். தாய் மைமூன் பீவி காய்ச்சலில் போனபோது அவர் கைக்குழந்தை. கல்லில் பேர் எதுவும் கிடையாது. அவருடைய அத்தா, "அந்த வேப்பமரத்துப் பக்கம்" என்று பொதுவாகக் கையை நீட்டிக் காட்டியதோடு சரி. அந்த மரமும் ஒரு புயலில் விழுந்துவிட்டது. இத்தனை காலம் உத்தேசமாக ஓரிடத்தில் நின்று துஆ கேட்டு வந்தவர், இப்போது அந்த உத்தேசத்துக்கும் இடமில்லாமல் நின்றார்.

"எந்தக் கல்லுனு காட்டுவேன் சுரையா? எங்கம்மா எங்க இருக்காங்கனே தெரியாத புள்ள நானு."

மீசை நரைத்த மனிதர் அப்படிச் சொன்னது அவளுக்குத் தாங்கவில்லை.

மண் லாரி உள்ளே போவதற்காகப் பின்பக்கச் சுவரை இடித்திருந்தார்கள். பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போகிற வழக்கம் அங்கே கிடையாது. ஆனால் வெளியே நின்று பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! மறுநாள் பெரிய மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் சுரையா அந்த இடிந்த சுவரோரம் நின்றாள். விழுந்த மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் சில கற்கள் நின்றன. அதில் ஒன்றைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

அது ஓர் அம்மி. நட்டுக்குத்தலாக நிற்கிறது, ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. எப்படிப் படும்? கபர்ஸ்தானுக்குப் போகிற ஆண்கள் அம்மியில் அரைத்ததில்லை, அம்மியில் அரைத்த பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போனதில்லை.

அதன் நடுவிலிருந்த பள்ளம்தான் அவளை நகரவிடவில்லை. கல்யாணமான புதிதில் அவளும் அரைத்தவள்தான். ஒரு வீட்டுக் குழம்புக்கு மட்டும் அரைத்தால் அவ்வளவு ஆழமாகத் தேயாது.

மார்க்கெட்டில் மிளகாய் விற்கும் ஆயம்மா, சின்ன வயதில் தன் தாயோடு அதே இடத்தில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவள். அவளிடம் சுரையா மாமியார் பேரைச் சொன்னதுதான் தாமதம்.

"மைமூனா? சைகோன்காரர் பொண்டாட்டி! ஜப்பான் சண்ட சமயத்துல அவரு அங்கயே மாட்டிக்கிட்டாரு. கடுதாசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிக்கிட்டு அந்தம்மா ஊருக்கெல்லாம் மசாலா அரைச்சிது. கல்யாணம், கந்தூரி எதுனாலும் அதுதான். கை எரியுதுனு கத்தாழய தடவிக்கிட்டு மறுபடி வந்து மொளகா வாங்கும். ஒருத்தர் வாசல்லயும் போயி கையேந்தல. சண்ட முடிஞ்சி அவரு வந்தப்புறந்தான் ஒன் வூட்டுக்காரரு பொறந்தாரு."

சைகோன் சம்பாத்தியத்தில் வளர்ந்த குடும்பம் என்றுதான் மாமனார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நாத்தனார்மார் இரண்டு பேரும் அத்தாவை மீறி வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்தார்கள். மனைவி ஊருக்கு அரைத்துத்தான் பிள்ளைகள் பிழைத்தன என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. ஆனால் குழவியைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. கருங்கல்லே தேயும்படி உழைத்த ஒருத்திக்கு மருமகளாக வந்திருக்கிறோம் என்பதே தெரியாமல் இத்தனை வருஷம் ஓடிவிட்டதே என்று சுரையாவுக்கு ஆற்றாமையாக இருந்தது. கூடவே தலை நிமிர்ந்து நடக்கவும் தோன்றியது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னாள். குழவியைக் கழுவித் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்துக் கபர்ஸ்தான் வாசல் வரை கூடவே போனாள்.

"அந்தப் பள்ளத்துல வெச்சிப் பாருங்க. பொருந்தலன்னா என்னைய என்ன வேணா சொல்லுங்க."

அவர் உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்து, குழவியைக் கல்லோடு சேர்த்துப் பிடிப்பது வாசலிலிருந்து தெரிந்தது. பிறகு இரண்டு கையாலும் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஒக்காந்துடுச்சி சுரையா. துளி எடம் விடாம ஒக்காந்துடுச்சி. எங்கம்மாதான்."

கண்ணைத் துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. சுரையாதான் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அங்கயே வெச்சிட்டு வந்திருக்கலாமே?"

"அம்மாவுக்கு அம்மி போதும். இத அத்தா வூட்டுல வெச்சாரு, வூட்டுலயே இருக்கட்டும். நாளைக்கு எனக்கு மீசானா இதத்தான் நடணும். நம்ம தல்ஹாகிட்ட இப்பவே சொல்லி வெச்சிடு."

"நல்லாருக்கே! பெத்த புள்ளகிட்ட சொல்ற சேதியா இது? அப்புறம் கதவுக்கு நான் எத முட்டுக் குடுக்கறது?" என்று அதட்டினாள் சுரையா. அதட்டிக்கொண்டே குழவியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

இப்போது அது சமையலறை அலமாரியில் இருக்கிறது. வாசல் கதவு காற்றில் படார் படாரென்று அடித்துக்கொள்கிறது. அதற்கு வேறு முட்டு தேட வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.